ஃபூட்டி டிரேடும் சம்பள உச்சவரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் கடைசியில் இறுதிப் போட்டி முடிந்துவிடும். அதன்பின் மெல்பர்னில் ஒரு பந்துகூட உருளாது. ஆனால் பேச்சு மட்டும் அப்போதுதான் சூடு பிடிக்கும்: யார் எந்த கிளப்புக்குப் போகிறார், பதிலுக்கு என்ன கிடைத்தது, யார் ஏமாந்தது. புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது எந்த ஃபுட்பால்?

ஆஸ்திரேலியன் ரூல்ஸ். இங்கே "ஃபூட்டி". முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம், பக்கத்துக்கு 18 பேர். ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீக்கில் 18 கிளப்கள் இருக்கின்றன. அதில் பத்து விக்டோரியா மாநிலத்தில். இந்த ஆட்டம் வேறு எந்த நாட்டிலும் பெரிதாகத் தொழில்முறையாக ஆடப்படுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு வெளிநாட்டு லீக்குக்குப் போக இங்கே எந்த வீரருக்கும் வழியில்லை. அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடுகளையும் லீக்கால் போட முடிகிறது.

சம்பள உச்சவரம்பு என்றால் என்ன?

ஒரு கிளப் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. 2025இல் இது ஏறத்தாழ 1 கோடியே 77 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்களுக்கு இதற்குள்தான் சம்பளம் பிரிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே உச்சவரம்புதான், பணக்கார கிளப்புக்கும் கடனில் இருக்கும் கிளப்புக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பாதி உண்டு: குறைந்தபட்ச வரம்பு. உச்சவரம்பில் 95 சதவீதமாவது செலவழித்தே ஆக வேண்டும். தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்பும் ஏறக்குறைய சாம்பியன் கிளப் அளவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பொருள். அடிமட்டத்தில் இருக்கும் அணியில் சுமாரான ஆளுக்குக்கூடக் கனத்த சம்பளம் என்று செய்தி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வேறு யாருக்குக் கொடுப்பது?

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஏலத் தொகை வரம்பு நினைவுக்கு வரும். அந்த ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். ஏ.எஃப்.எல்.லில் ஏலம் கிடையாது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அணியைக் கலைத்து அடுக்குவதும் கிடையாது.

எப்போது, எதற்காக வந்தது?

1980களில் இது விக்டோரிய லீக்காக இருந்தபோது கிளப்கள் ஒருவர் மீது ஒருவர் விலையேற்றி வீரர்களை வாங்கி, பல கிளப்கள் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டன. 1982இல் சவுத் மெல்பர்ன் கிளப்பே சிட்னிக்கு இடம் மாறியது. 1986இல் தேசிய டிராஃப்ட், அதாவது இளம் வீரர்களைக் கிளப்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை, தொடங்கியது. 1987இல் பெர்த்திலிருந்து வெஸ்ட் கோஸ்ட்டும் குயின்ஸ்லாந்திலிருந்து பிரிஸ்பேனும் உள்ளே வந்தன, அதே ஆண்டில் உச்சவரம்பும் வந்தது. அன்றைக்கு 12.5 லட்சம் டாலர். ஒரு கிளப்புக்கு, ஓராண்டுக்கு. இன்றைக்கு ஒரு நட்சத்திர வீரர் தனியாகவே அந்த அளவுக்கு வாங்குகிறார்.

டிரேட் எப்போது நடக்கும்?

அக்டோபரில், இறுதிப் போட்டி முடிந்தபின் சுமார் பத்து நாள். ஃப்ரீ ஏஜென்ட்களுக்கான வாசல் (இவர்கள் யார் என்று கீழே சொல்கிறேன்) அதற்குச் சில நாள் முன்பே திறக்கும். நவம்பரில் டிராஃப்ட். சீசன் நடுவே ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாது.

பணம் கொடுத்து வீரரை வாங்க முடியாதா?

முடியாது. ஐரோப்பியக் கால்பந்தில் இருப்பதுபோல் கிளப்புக்குக் கிளப் பணம் கைமாறும் முறை இங்கே இல்லை. வீரருக்குப் பதில் வீரர், அல்லது டிராஃப்ட் பிக், அல்லது இரண்டும் கலந்து. பிக் என்பது டிராஃப்ட்டில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை எண். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் எண். 2015 முதல் அடுத்த ஆண்டின் பிக்கையும் இன்றே கொடுத்துவிடலாம். கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற பழக்கம் அதன்பின் இங்கேயும் வந்துவிட்டது.

பிக் எண்ணுக்கு ஏதாவது விலைப்பட்டியல் உண்டா?

உண்டு. ஒரு கிளப்பின் பழைய வீரருடைய மகனையோ, தன் அகாடமியில் வளர்ந்த பையனையோ எடுக்கும்போது என்ன விலை தர வேண்டும் என்று கணக்கிடுவதற்காக 2015இல் லீக் ஒரு புள்ளிப் பட்டியலை வெளியிட்டது. அதில் முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2517, பத்தாவதுக்கு 1395. பின்னர் இதைத் திருத்தியும் இருக்கிறார்கள். டிரேட் பேச்சில் எல்லாரும் இதை மனதில் வைத்திருப்பார்கள். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்து டிரேடை எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

வீரர் விருப்பமில்லாமல் அவரை மாற்றிவிட முடியுமா?

ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை அவர் சம்மதமில்லாமல் அனுப்ப முடியாது. அமெரிக்க பாஸ்கெட்பால் பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே காலையில் எழுந்து செய்தியைப் பார்த்தால் ஊரே மாறியிருக்கும். இங்கே வீரர் "நான் ஜீலாங்குக்குத்தான் போவேன்" என்று ஒரே கிளப்பின் பெயரைச் சொல்லிவிட்டால், விற்கிற கிளப்புக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். பேரம் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள்.

அதேபோல, ஒப்பந்தம் மீதமிருக்கும் வீரர் போக ஆசைப்பட்டாலும் கிளப் விடவேண்டும் என்றில்லை. 2025 அக்டோபரில் எஸெண்டன் அணியின் கேப்டன் சாக் மெரட் ஹாதோர்னுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். அவருக்கு 2027 வரை ஒப்பந்தம் இருந்தது. ஹாதோர்ன் நீட்டிய விலை போதாது என்று எஸெண்டன் விடவில்லை. டிரேட் வாசல் மூடியது, மெரட் இருந்த இடத்திலேயே இருந்தார்.

நல்ல வீரரை ஏன் சில சமயம் அடிமாட்டு விலைக்கு விடுகிறார்கள்?

அடிக்கடி வருகிற கேள்வி இதுதான். பதிலையும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 அக்டோபரில் காலிங்வுட் தன் உயரமான ரக்மேன் (நடுவர் மேலே எறியும் பந்தை எம்பித் தட்டுபவர்) பிராடி கிரண்டியை, மெல்பர்ன் என்றே பெயர் கொண்ட கிளப்புக்குக் கொடுத்தது. ஆண்டின் சிறந்த வீரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இரண்டு முறை இடம்பெற்றவர். கிடைத்தது 27ஆம் பிக். "கிரண்டிக்கு 27ஆ?" என்று ஊரே சிரித்தது. போதாததற்கு, அவர் இன்னொரு கிளப்பில் ஆடும்போதும் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காலிங்வுட்டே தர ஒப்புக்கொண்டது.

பின்னணி இது: 2020இல் கிரண்டிக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் வீதம். அந்த ஒரு சம்பளம் உச்சவரம்பில் பெரிய ஓட்டையாகிவிட்டது. ஆக, அந்த டிரேடில் கைமாறியது கிரண்டி மட்டுமில்லை, 2027 வரை நீண்டிருந்த ஒப்பந்தமும்தான். மெல்பர்ன் கிளப் வீரரை வாங்கியது, சுமையின் பெரும்பகுதியையும் சேர்த்துச் சுமந்தது. அதனால்தான் விலை 27.

அதே அக்டோபரில் காலிங்வுட்டுக்கு டாம் மிட்செல், டேன் மெக்ஸ்டே, பாபி ஹில் ஆகியோர் வந்தார்கள். அடுத்த ஆண்டு 2023இல் காலிங்வுட் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் பாபி ஹில். சிரித்தவர்கள் யாரும் திரும்ப வந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதையும் மிஞ்சிய ஒன்று அதே வாரம் நடந்தது. கோல்ட் கோஸ்ட் கிளப் ஜாக் போவ்ஸ் என்ற வீரரையும், கூடவே 7ஆம் பிக்கையும் ஜீலாங்குக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று பிக் ஒன்று. புள்ளிப் பட்டியலில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஒப்பந்தத்தைப் பார்த்தால் புரியும்: போவ்ஸின் சம்பளத்தில் பெரும்பகுதி கடைசி ஆண்டுகளில் குவிந்திருந்தது, கோல்ட் கோஸ்ட்டுக்கு இடமில்லை. "இந்தச் சம்பளத்தை யாராவது எடுத்துக்கொண்டால் 7ஆம் பிக்கையும் தருகிறோம்" என்றார்கள். பல கிளப்கள் வரிசையில் நின்றன. எங்கே போவது என்று முடிவுசெய்தவர் போவ்ஸ், ஏனென்றால் சம்மதம் அவருடையது. அவர் தேர்ந்தெடுத்தது அந்த ஆண்டுதான் கோப்பையை வென்றிருந்த ஜீலாங். சாம்பியன் அணிக்கு ஏழாவது பிக் இலவசம்!

இந்த வழிக்கு ஒரு மனித விலையும் உண்டு. 2020இல் காலிங்வுட் இதே நெருக்கடியில் ஆடம் டிரெலோரை வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு அனுப்பியது. அவருக்கு 2025 வரை ஒப்பந்தம் இருந்தது, போக விருப்பமில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். சம்மதமில்லாமல் அனுப்ப முடியாது என்று மேலே சொன்னேனே? சட்டப்படி முடியாது. ஆனால் "உன்னை இங்கே வேண்டாம்" என்று கிளப் சொல்லிவிட்டபின் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் சம்பளத்தின் ஒரு பங்கையும் காலிங்வுட் தொடர்ந்து கொடுத்தது.

சம்பளத்தைக் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளுவது ஏன்?

இந்த ஆண்டு இடமில்லை, மூன்றாண்டு கழித்து உச்சவரம்பு உயரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. 2016இல் 1 கோடியே 4 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது 2017இல் 1 கோடியே 24 லட்சத்தைத் தாண்டியது. அப்படி உயர்ந்த ஆண்டுகளில் தள்ளிப்போட்டவர்கள் தப்பித்தார்கள். 2020இல் கொரோனா வந்து எல்லார் சம்பளமும் வெட்டப்பட்டபோது தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள்.

மறுபக்கமும் உண்டு. இடம் மிச்சமிருக்கும் ஆண்டில் முன்கூட்டியே அதிகம் கொடுத்துவிடலாம். 2019இல் கோல்ட் கோஸ்ட்டின் ஜாக் மார்ட்டினை கார்ல்டன் டிரேடில் வாங்க முடியவில்லை. ப்ரீ-சீசன் டிராஃப்ட்டில் எடுக்க முடிவுசெய்தது. அங்கே வீரர் தன் விலையைச் சொல்லலாம், எடுக்கிற கிளப் அதைத் தர வேண்டும். முதல் ஆண்டுச் சம்பளத்தை மிகப் பெரிதாக வைத்தார்கள். கார்ல்டனுக்கு முன்னால் தேர்வுசெய்யும் கிளப்கள் அந்த விலையைப் பார்த்தே விலகிக்கொண்டன. கோல்ட் கோஸ்ட்டுக்குப் பதிலாக எதுவுமே கிடைக்கவில்லை.

அப்படியானால் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு இது எளிதான வழிதானே?

ஆபத்தான வழி. நடுவில் வேறு கிளப் எடுத்துவிட்டால் அங்கேதான் போக வேண்டும். அதிலும் துணிந்து ஜெயித்தவர் லூக் பால். 2009இல் செயின்ட் கில்டாவிலிருந்து காலிங்வுட்டுக்குப் போக நினைத்தார், டிரேட் படியவில்லை. டிராஃப்ட்டில் பெயர் கொடுத்தார். 30ஆம் பிக்கில் காலிங்வுட் எடுத்தது. 2010 இறுதிப் போட்டியில் காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும் மோதி டிரா ஆகி, மறு வாரம் மீண்டும் ஆடி, காலிங்வுட் வென்றது. பழைய கிளப்புக்கு எதிராகவே பதக்கம். செயின்ட் கில்டாவின் ஒரே கோப்பை 1966இல் வந்தது. அந்த ரசிகர்களிடம் லூக் பால் பேச்சை எடுக்காதீர்கள்.

ஃப்ரீ ஏஜென்ட் என்பவர் யார்?

ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு முடித்து, ஒப்பந்தமும் முடிந்தவர் என்று மோட்டாகச் சொல்லலாம். இவர் டிரேட் இல்லாமலே போகலாம். இந்த முறை 2012இல் வந்தது. கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் முதல் 25 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் ஒரு கட்டுப்பாடு: புது கிளப் தரும் அதே சம்பளத்தைப் பழைய கிளப்பும் தர முன்வந்தால் அவரைப் பிடித்து வைக்கலாம்.

நடைமுறையில் இது பிடித்து வைப்பதற்கு உதவுவதைவிடப் பேரத்துக்குத்தான் உதவுகிறது. 2020இல் ஜெரமி கேமரனுக்கு ஜீலாங் சொன்ன சம்பளத்தை அவருடைய கிளப்பான ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) தானும் தருவதாகச் சொன்னது. உடனே ஜீலாங் மேசைக்கு வந்து, முதல் சுற்று பிக் மூன்றைக் கொடுத்து டிரேட் செய்தது. 2015இல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் விஷயத்தில் அடிலெய்டும் இப்படித்தான் ஜீலாங்கை டிரேடுக்கு இழுத்தது.

பிடித்து வைக்காமல் விட்டால் லீக் ஈட்டாக ஒரு பிக் தரும். அதன் சூத்திரம் வெளியே முழுதாகச் சொல்லப்படுவதில்லை. வீரரின் வயதும் புதுச் சம்பளமும் முக்கியம், அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பதில்லை. 2014இல் ஜேம்ஸ் ஃபிராலி ஹாதோர்னுக்குப் போனபோது மெல்பர்ன் கிளப்புக்கு 3ஆம் பிக். 2023இல் பென் மெக்கே எஸெண்டனுக்குப் போனபோது நார்த் மெல்பர்னுக்கும் 3ஆம் பிக். நேரடி டிரேடில் இருவருக்கும் அந்த விலையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். என் பார்வையில் இந்தக் கட்டமைப்பிலேயே கேட்பாரற்ற ஓட்டை இதுதான். போகிறவருக்குப் புது கிளப் அதிகச் சம்பளம் கொடுக்கட்டும் என்று பழைய கிளப்பே வேண்டிக்கொள்ளும்!

லான்ஸ் ஃபிராங்கிளின் ஒப்பந்தம் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

2013இல் ஹாதோர்ன் கோப்பையை வென்ற கையோடு, அதன் 26 வயது கோல் நட்சத்திரம் ஃபிராங்கிளின் சிட்னிக்குப் போனார். ஒன்பது ஆண்டு, 1 கோடி டாலர். அவர் பாதியில் ஓய்வு பெற்றாலும் மீதித் தொகை சிட்னியின் உச்சவரம்பில் கணக்காகும் என்று லீக் சொல்லிவிட்டது.

அப்போது சிட்னிக்கு, அந்த ஊரின் வீட்டு வாடகையும் விலைவாசியும் அதிகம் என்று, சம்பளத்தில் 9.8 சதவீதம் கூடுதல் சலுகை இருந்தது. முந்தைய ஆண்டு அடிலெய்டிலிருந்து கர்ட் டிப்பெட், இந்த ஆண்டு ஃபிராங்கிளின் என்றதும் மெல்பர்ன் ஊரின் கிளப்கள் கொதித்தன. சலுகை படிப்படியாக நிறுத்தப்பட்டது. 2014 டிரேடில் வேறு கிளப் வீரர்களை எடுக்க சிட்னிக்குத் தடையும் வந்தது. விதிப்படி நடந்ததற்குத் தண்டனையா என்று சிட்னி ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

லாபமா நஷ்டமா? ஃபிராங்கிளின் ஒப்பந்தத்தை முழுதாக ஆடி முடித்து இன்னும் ஒரு ஆண்டு கூடுதலாகவே ஆடினார். 2022இல் சிட்னி மைதானத்தில் 1000ஆவது கோல் அடித்தபோது ரசிகர்கள் கூட்டமாக உள்ளே ஓடி வந்தார்கள். ஆனால் சிட்னி அவரோடு 2014, 2016, 2022 என மூன்று இறுதிப் போட்டிகளிலும் தோற்றது. 2014இல் தோற்றது யாரிடம்? அவரை இழந்த ஹாதோர்னிடம். 2015 கோப்பையும் ஹாதோர்னுக்கே.

ஏமாற்றினால் என்ன ஆகும்?

கார்ல்டனைக் கேளுங்கள். வீரர்களுக்குக் கணக்கில் காட்டாமல் பணம் கொடுத்தது 2002இல் நிரூபிக்கப்பட்டது. அபராதம் 9 லட்சத்து 30 ஆயிரம் டாலர். அது பெரிதில்லை. அந்த ஆண்டு கார்ல்டன் தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்திருந்தது. ஆக அன்றைய விதிப்படி டிராஃப்ட்டின் முதல் இரண்டு பிக்கும் அவர்களுக்கு வரவேண்டியவை. இரண்டும் பறிபோயின. பிரெண்டன் காடர்ட் செயின்ட் கில்டாவுக்கும் டேனியல் வெல்ஸ் கங்காரூஸுக்கும் (நார்த் மெல்பர்னின் அன்றைய பெயர்) போனார்கள். அந்தக் குழியிலிருந்து ஏற கார்ல்டனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2012இல் அடிலெய்ட் மாட்டியது வேறு மாதிரி. கர்ட் டிப்பெட்டுடன் ரகசியமாக ஒரு உடன்பாடு வைத்திருந்தார்கள்: ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கேட்கும் கிளப்புக்கு இரண்டாம் சுற்று பிக்குக்கு விட்டுவிடுவோம் என்று. கிளப்புக்கு 3 லட்சம் டாலர் அபராதமும் பிக் இழப்பும். டிப்பெட்டுக்கு 2013 சீசனில் பாதி ஆட முடியவில்லை.

விளம்பர வருமானம் உச்சவரம்பில் வருமா?

வீரர் தானாகத் தேடிக்கொண்டது வராது. கிளப்போ கிளப்புக்கு நெருங்கியவர்களோ ஏற்பாடு செய்தது வரும். இந்தக் கோடு எங்கே என்பதில்தான் எப்போதும் தகராறு. 2007இல் கிறிஸ் ஜட் வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து கார்ல்டனுக்கு வந்தபோது கார்ல்டனின் அன்றைய கிளப் தலைவருடைய விசி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் தூதர் என்று ஒரு வேலையும் கிடைத்தது. முதலில் அனுமதித்த லீக், பின்னர் விதியை இறுக்கியது.

அந்த டிரேடில் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு இரண்டு பிக்கோடு ஜோஷ் கென்னடி என்ற பையனும் போனார். 700க்கு மேல் கோல் அடித்து, அந்த கிளப்பின் சாதனையாளராக, 2018 கோப்பையையும் வென்றார். ஜட் கார்ல்டனில் லீக்கின் உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோவை வென்றார், கோப்பை வரவில்லை.

உச்சவரம்பு வேலை செய்கிறதா?

ஓரளவுக்கு. 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954க்குப் பின் முதல் கோப்பையை வென்றது. 2021இல் மெல்பர்ன் கிளப் 1964க்குப் பின். உச்சவரம்பு இல்லாத லீக்கில் இந்த இரண்டும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நல்ல பயிற்சியாளர், நல்ல ஊர், கடற்கரை, கோப்பை வெல்லும் வாய்ப்பு இவற்றுக்கெல்லாம் உச்சவரம்பு கிடையாது. ஜீலாங்குக்குக் குறைந்த சம்பளத்துக்கே ஆட்கள் வருகிறார்கள். வேறு சில கிளப்கள் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

டாஸ்மேனியா வந்தால் என்ன மாறும்?

19ஆவது கிளப்பாக டாஸ்மேனியா டெவில்ஸ் 2028இல் ஆடத் தொடங்குவதாகத் திட்டம். புது கிளப் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கோல்ட் கோஸ்ட் 2011இல் வந்தபோது ஜீலாங்கிலிருந்து கேரி ஆப்லெட்டையே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஜி.டபிள்யூ.எஸ். வந்தபோது மெல்பர்ன் கிளப்பிலிருந்து டாம் ஸ்கல்லி போனார். இழந்த கிளப்களுக்கு ஈட்டு பிக் கிடைத்தது. எனவே இனி ஒப்பந்தச் செய்தி வந்தால் தொகையை விட்டுவிட்டு, எந்த ஆண்டில் முடிகிறது என்று முதலில் பாருங்கள். 2027 என்று இருந்தால் அந்த வீரரின் மேனேஜர் டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில் வீட்டு விலை விசாரிக்கத் தொடங்கியிருப்பார்.